எத்தனை அடி எண்டு கேளாதேங்கோ, எத்தனை பேர் எண்டு கேளுங்கோ

மகாபொலக் காசை எண்ணி எண்ணி மாதக் கடைசிக்கு வந்துசேருகிற கலைப்பீடத்துப் பிள்ளைகள் பாய்ப்படகு வாங்குவது பற்றி எழுதினால் சிரிப்பு வரும்தான். சிரியுங்கோ. வாசித்து முடித்த பிறகு சொல்லுங்கோ, இது பணக்காரரின் கதையா, எங்கட கதையா எண்டு.

விஷயம் இதுதான். எங்கட கூட்டத்தில் ஐந்தாறு பேர் ஒரு கழகத்தின் 14 அடிப் பாய்ப்படகில் மாறி மாறிப் பழகுகிறோம். அந்தக் கழகம் இப்போது பாவித்த படகு இன்னொன்று தேடுகிறது. "கொஞ்சம் பெரிசாப் பார்ப்பம்" என்பதில் எல்லாருக்கும் உடன்பாடு. எவ்வளவு பெரிசு, எதுக்குப் பெரிசு என்பதில்தான் இழுபறி. ஒரு பகுதிக்குப் போட்டியில் ஓடுகிற வேகப்படகு வேணும். இன்னொரு பகுதி, வாங்கிறதெண்டால் 25 அடியில் கபினோடு வாங்குவம் என்கிறது. நாங்கள் இரண்டு பக்கமும் இல்லை. 17 அடிக்கும் 19 அடிக்கும் இடையில், திறந்த, அகலமான, அடியிலுள்ள நடுப்பலகையைத் தூக்கி இறக்கக்கூடிய படகுதான் எங்கட கரைக்குப் பொருந்தும் என்பது எங்கள் நிலைப்பாடு. காலையில் வெளிக்கிட்டு மத்தியானத்துக்குள் திரும்புகிற பயணத்துக்கான படகு. போட்டியும் இல்லை, இரவுத் தங்கலும் இல்லை.

முதலில் 14 அடியில் என்ன குறை என்று பார்ப்போம். நாங்கள் பழகுவது ஜிபி 14. 1949இல் ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் வரைந்த வடிவம். போட்டிக்கும் உலாவுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று வரையப்பட்டது. நல்ல படகு, குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதன் உடல் நிறை ஏறத்தாழ 133 கிலோதான். 65 கிலோ ஆட்கள் இரண்டு பேர் ஏறினால் ஆட்களின் நிறையும் படகின் நிறையும் சமம். அதாவது ஒருவர் அசைந்தால் மொத்த நிறையின் கால்வாசி அசைகிறது. காற்று கொஞ்சம் ஏறினதும் இரண்டு பேரும் விளிம்பில் ஏறி வெளியே சாய்ந்து படகை நிமிர்த்த வேணும். காற்று விட்டதும் உள்ளே பாய வேணும். திரும்பும்போது பாயின் அடித்தடி தலைக்கு மேலால் போகும், குனிய வேணும். எங்களுக்கு இது விளையாட்டு. மூன்றாவதாக ஒருவரை ஏற்றினால் அவருக்கு இது தண்டனை.

அந்த மூன்றாவது ஆள் யார் என்பதுதான் எங்கள் கேள்வி.

எங்கட வயதுக்காரருக்கு 2004 டிசம்பர் ஞாபகத்தில் இல்லை. நாங்கள் அப்போது கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவே இல்லை. ஆனால் எங்கட அம்மாமாருக்கு அது மறக்கேலாது. அதற்கு முன்னால் போர்க்காலம். கடலுக்குப் போவதற்குப் பாஸ், நேரக் கட்டுப்பாடு, போகவே கூடாத இடங்கள். கரையில் பிறந்து வளர்ந்தும் ஒருமுறைகூடக் கடலின் நடுவிலிருந்து தன் ஊரைத் திரும்பிப் பார்க்காத பெண்கள் எங்கட வீடுகளிலேயே இருக்கிறார்கள். தொழில் வள்ளத்தில் பொம்பிளையள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லும் கரைகளும் இன்னும் இருக்கின்றன. கடல் என்றால் ஒன்று தொழில், இல்லாட்டி பயம். மூன்றாவதாக ஒன்று, சும்மா போய்வருகிற சந்தோஷம், எங்கட சனத்துக்குக் கிடைத்தது குறைவு.

அதனால்தான் "வசதி" என்ற சொல்லை நாங்கள் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. வசதியான படகு என்றதும் குளிர்பெட்டியும் மெத்தையும் நினைவுக்கு வரும். நாங்கள் கேட்பது அதுவல்ல. முதுகைச் சாய்த்து மூன்று மணித்தியாலம் இருக்கேலுமா? இருந்த இடத்தை விட்டு எழும்பாமல் இருக்கேலுமா? சட்டை நனையாமல் வரேலுமா? முழங்கால் நோவுள்ள ஒரு அம்மம்மா ஏறி இறங்கேலுமா? இவற்றுக்கு "ஓம்" சொல்லும் படகில் யாரும் வரலாம். "இல்லை" சொல்லும் படகில் எங்கள் வயதுப் பெடியள்தான் போவார்கள். படகின் வடிவம் ஆட்களைத் தெரிவு செய்கிறது. அறிவித்தல் பலகை தேவையில்லை.

சரி, இரண்டு மூன்று அடி கூட்டினால் இதெல்லாம் மாறுமா? மாறும். அடிக்கணக்கு எங்களை ஏமாற்றுகிற இடம் இதுதான். ஒரு படகை அதே வடிவத்தில் பெருப்பித்தால் நீளம் மட்டும் கூடாது, அகலமும் ஆழமும் சேர்ந்து கூடும். அதனால் கொள்ளளவு நீளத்தின் மும்மடிக் கணக்கில் ஏறுகிறது. 14 அடியை 19 ஆக்கினால் கூடுவது ஐந்து அடிதான். படகோ ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 25 அடிக்குப் போனால் ஐந்தரை மடங்குக்கும் மேல். சாயாமல் நிற்கும் பலம் இதைவிட வேகமாக ஏறும். வேகம் மட்டும் அப்படி ஏறாது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற படகின் எல்லை வேகம் நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். நீர்மட்டத்தில் 14 அடியுள்ள படகுக்கு மணிக்கு ஏறத்தாழ 5 கடல்மைல், 19 அடிக்கு 5.8, 25 அடிக்கு 6.7. ஆக, பெரிய படகை வேகத்துக்காக வாங்குகிறோம் என்று சொன்னால் கணக்கு இடிக்கும். இருப்பதற்கு இடம், ஆடாமல் நிற்கிற பலம், இந்த இரண்டுக்காகத்தான் வாங்க வேணும்.

உதாரணத்துக்கு ஒரு படகு. அமெரிக்காவில் கோர்டன் டக்ளஸ் என்பவர் முதலில் திஸில் என்ற 17 அடி வேகப்படகை வரைந்தார். விளிம்பில் குந்தி உடம்பை முறித்து ஓட்டுகிற படகு அது. அதே ஆள் 1957இல் பிளையிங் ஸ்கொட் என்ற 19 அடிப் படகை வரைந்தார். உள்ளே இறங்கி இருக்கிற மாதிரி இருக்கைகள், உயர்ந்த பக்கங்கள், ஆறு பேர் தாராளமாக இருக்கும் இடம். பாய்மரம், பாய் எல்லாம் சேர்த்துச் சுமார் 385 கிலோ. 60 கிலோப்படி ஆறு பேர் ஏறினால் மொத்தம் 745 கிலோ. இப்போது ஒருவர் அசைந்தால் மொத்த நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் அசைகிறது. 14 அடியில் அது கால்வாசி. அம்மா பையைத் திறந்து சாப்பாட்டுப் பார்சலை எடுக்கலாம், படகு கவனிக்காது.

இன்னொன்று ட்ராஸ்கொம் லக்கர். 1960களில் இங்கிலாந்தில் ஜோன் வாட்கின்சன் வரைந்தது, நீளம் 18 அடி 9 அங்குலம். இதன் பெரிய பாய்க்கு அடித்தடியே கிடையாது. தலையில் அடிக்கிற தடியை நீக்கிவிட்டால் குனியச் சொல்லிக் கத்த வேண்டிய தேவையும் இல்லை. காற்றை எதிர்த்து ஏறுவதில் இது மற்றப் படகுகளைவிட மெதுவானது. அதை ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் 1978இல் வெப் சைல்ஸ் என்ற அமெரிக்கர் இதே வகைத் திறந்த படகில்தான் கலிபோர்னியாவிலிருந்து தனியாக உலகைச் சுற்ற வெளிக்கிட்டுப் பசிபிக்கைக் கடந்தார். நாங்கள் பசிபிக் போகப்போவதில்லை. மெதுவான படகு பலவீனமான படகு அல்ல என்பதைச் சொல்லத்தான் இது.

அப்படியெண்டால் ஏன் 25 அடி வேண்டாம்? இடம் இன்னும் கூடத்தானே?

முதலாவது, தண்ணீர். யாழ்ப்பாணக் கடனீரேரியும் பாக்குநீரிணைப் பக்கமும் ஆழம் குறைந்தவை. 25 அடிக் கபின் படகுகள் பலவற்றுக்கு அடியில் கனமான நிலையான கீல் இருக்கும். அது சாயாமல் காக்கும், ஆனால் தரை தட்டும். பிளையிங் ஸ்கொட்டின் நடுப்பலகையைத் தூக்கினால் 8 அங்குலத் தண்ணீர் போதும், இறக்கினால் 4 அடி. கரையில் முழங்கால் தண்ணீருக்குள் கொண்டுவந்து ஆட்களை ஏற்றலாம். அம்மம்மாவுக்கு இறங்குதுறை இல்லாத ஊரிலும் வழி இருக்கிறது.

இரண்டாவது, கைகள். பெரிய படகுக்குப் பெரிய பாய், பெரிய பாய்க்குப் பலமான கைகள், நிறுத்த நங்கூரத்தடம், தள்ள எஞ்சின், எஞ்சினுக்கு எண்ணெய். 2022இல் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது எங்கட கரைகளுக்கு மறந்திருக்காது. பெரிய படகுக்கு ஆள் வேணும் என்பதற்கு எங்களிடமே சரித்திரம் இருக்கிறது. வில்லியம் ஆல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் ஸ்வாப் என்ற 32 அடிப் படகில் உலகைச் சுற்றினவர். பிறகு வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 89 அடி அன்னபூரணியை வாங்கினார். அது 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் வல்வெட்டித்துறைக் கடலோடிகள். பெருமைப்படுவோம். ஆனால் அவர்கள் பரம்பரைத் தொழில்காரர். சனிக்கிழமை காலையில் ட்யூட்டோரியல் எழுதாமல் ஓடிவருகிற எங்களைப் போன்றவர்கள் இல்லை. நாலு பேர் சேராவிட்டால் அசையாத படகு நங்கூரத்திலேயே பாசி பிடிக்கும். இரண்டு பேர் ஓட்டி நாலு பேரை ஏற்றிச் செல்லும் படகு வாராவாரம் தண்ணீரில் இருக்கும்.

17–19 அடிப் படகிலும் ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டோம். நடுப்பலகைப் படகு கவிழும். கீல் படகுபோலத் தானாக நிமிராது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் அதன் அழுத்தம் நாலு மடங்கு. சோழகம் அடிக்கிற ஆனி ஆடியில் இதை விளையாட்டாக எடுக்கேலாது. ஆகவே வாங்க முன் இவற்றைக் கேளுங்கோ. கடலில் இருந்தபடியே பாயைச் சுருக்கிக் கட்ட ஏற்பாடு உண்டா? தண்ணீர் புகுந்தாலும் மிதக்க வைக்கும் காற்றறைகள் ஓட்டையில்லாமல் இருக்கின்றனவா? இதைச் சொல்லில் நம்ப வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் படகை வேணுமென்றே நிரப்பிப் பாருங்கோ. விழுந்தவர் திரும்ப ஏறப் படி உண்டா? துடுப்பு உண்டா? ஏறுகிற எல்லாருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி உண்டா? இல்லையென்றால் படகின் விலையோடு அதையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேணும்.

இன்னொன்று. படகுக் கதைகளில் ஆம்பிளையள் பேசாமல் விடுகிற விஷயம். நாலு மணித்தியாலப் பயணத்தில் பெண்கள் எங்கே ஒதுங்குவது? எங்கட தோழியர் கடலுக்குப் போகிற நாளில் விடியவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். உச்சி வெயிலில் அது உடம்புக்குக் கேடு. இதற்குக் கபின் வேணும் என்றில்லை. 19 அடியில் முன்பக்கத்தில் ஒரு மறைப்புத் துணி, மூடியுள்ள ஒரு வாளி, கூடவே அதை வெட்கமில்லாமல் சொல்லுகிற ஒரு படகோட்டி, இவ்வளவும் போதும். 14 அடியில் இதற்கு இடமே இல்லை. மேலே வெயிலுக்கு ஒரு விரிப்புக் கட்டவும் இடம் வேணும். படகு தெரிவு செய்கிற கூட்டத்தில் ஒரு பெண்ணாவது இல்லாவிட்டால் இந்தக் கேள்விகள் மேசைக்கே வராது.

போட்டிப் படகு கேட்கும் நண்பர்களுக்கும் பதில் சொல்ல வேணும். "சின்னப் படகுதான் கடலைப் படிப்பிக்கும்" என்கிறார்கள். உண்மை. ஒரு ஆள் ஓட்டுகிற லேசர் படகின் உடல் 59 கிலோதான். காற்றில் வருகிற சின்ன மாற்றத்தையும் அது உடனே உடம்புக்குச் சொல்லும். அதில் பழகினவர் எதையும் ஓட்டுவார். பதக்கம் வந்தால் நாங்களும் கை தட்டுவோம். ஆனால் படிக்கிற படகு எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவதும் அதே மாதிரி இருந்தால் அதே நாலைந்து பெடியள் இன்னும் கெட்டிக்காரர் ஆவார்கள், அவ்வளவுதான். கரையில் நின்று பார்க்கிற சனம் கரையிலேயே நிற்கும். பார்த்துக்கொண்டிருக்கிற சனத்தின் பிள்ளைதான் நாளைக்குக் கழகத்துக்கு வர வேணும். கடலுக்கு ஒருமுறை போய்ப் பயமில்லாமல் திரும்பிய அம்மா, மகளை விடுவா. போகாத அம்மா விடமாட்டா. போட்டிக்காரருக்கும் இதில் லாபம் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம்.

கழகத்துக்கு எங்கள் கருத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். 17 முதல் 19 அடி. நடுப்பலகை. ஆறு பேருக்கு முதுகுச் சாய்வுள்ள இருக்கை. இரண்டு பேர் ஓட்டக்கூடிய பாய். வாங்குகிற நாளில் அடிக்கோல் கொண்டு போகத் தேவையில்லை, ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கோ, அதில் இரண்டு பேராவது ஐம்பது வயது தாண்டின பெண்களாக இருக்கட்டும். கரையில் நிற்கிற படகில் அரை மணித்தியாலம் அவர்களை இருக்க விடுங்கோ. முதுகு நோகுதா, கால் நீட்டேலுமா, பயமா இருக்கா எண்டு கேளுங்கோ. அவர்கள் சொல்லுவதைக் கேட்ட பிறகு விலை பேசலாம்.

இதோடு ஒத்துப்போகாதவர்கள் மறுத்து எழுதுங்கோ. முக்கியமாக 25 அடிக்காரர். ஆனால் எழுத முன் ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருங்கோ: உங்கட படகில் உங்கட அம்மா எங்கே இருப்பா?