வேடர் உரிமைக்கும் குரல் தேவை



இலங்கையில் 1979இல் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதை முற்றாக நீக்கக் கோரி, அப்போது எதிர்க்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த எம்.ஏ. சுமந்திரன் 2022இல் காங்கேசன்துறையிலிருந்து அம்பாந்தோட்டை வரை கையெழுத்துத் திரட்ட முன்னின்றார். அவரது நிலைப்பாடு சரியானதே.

இச்சட்டத்தின் அவ்வாண்டுத் திருத்தம் தடுப்புக்காவலின் உச்ச எல்லையை 18 மாதத்திலிருந்து 12 ஆகக் குறைத்தது. ஆனால் பொலிஸ் உயரதிகாரியிடம் அளிக்கும் குற்ற ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்கும் 16ஆம் பிரிவைத் தொடவில்லை. 'நவரசம்' கவிதை நூலை எழுதிய அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் இச்சட்டத்தின் கீழ்க் கைதானார். 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவரைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. இந்த வலியை எமது முஸ்லிம் சமூகம் நன்கறியும்.

அதே நீதியுணர்வு நாட்டின் பூர்வகுடிகளான வேடர் மக்களையும் எட்ட வேண்டும். 1983இல் மதுரு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானதும் அவர்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய காடு தடைசெய்யப்பட்ட பகுதியாயிற்று. வாழ்வாதாரமே சட்டத்தின் பார்வையில் குற்றமாயிற்று. 1996இல் வேடர் சமூகத்தைச் சேர்ந்த ஊருவரிகே வன்னில எத்தோ ஜெனீவாவில் பூர்வகுடிகளுக்கான ஐ.நா. செயற்குழு முன் இதை எடுத்துரைத்தார். எமது அம்பாறை மாவட்டத்தின் பொல்லேபெத்தவிலும் வேடர்கள் வாழ்கிறார்கள். ஆயினும் எமது மேடைகளில் அவர்களது பெயர் ஒலிப்பதில்லை.

அம்பாறையின் தமிழ், முஸ்லிம், சிங்கள உறுப்பினர்கள் இரண்டு கோரிக்கைகளையும் சேர்த்தே பாராளுமன்றத்தில் எழுப்ப வேண்டும்: பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குங்கள், வேடரின் காட்டுரிமையைச் சட்டமாக்குங்கள்.

ஒரு வாசகர்,
கல்முனை.