படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பாருங்கள்: மறதிநோயாளிகளைப் பராமரிப்போர் குழுவின் வேண்டுகோள்

லூயி பாடி டிமென்ஷியா நினைவை மட்டும் தாக்கும் நோயன்று. ஆல்ஃபா சினூக்ளின் என்ற புரதம் நரம்பு செல்களுக்குள் திரண்டு படிவதே இதன் அடிப்படை. 1912இல் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் இப்படிவுகளைக் கண்டு விவரித்த மருத்துவர் லூயியின் பெயரே நோய்க்கும் வந்தது. இதயம், குடல், சிறுநீர்ப்பை, வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் தானியங்கி நரம்புகளிலும் இப்படிவுகள் சேர்கின்றன.

இதன் விளைவுகளில் ஆபத்தானது, எழுந்து நிற்கையில் ரத்த அழுத்தம் சரிவது. நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். நரம்புகள் உடனே குழாய்களை இறுக்கி அதை மேலே தள்ள வேண்டும். இந்நோயில் அந்த இறுக்கம் போதுமான அளவு நிகழாது. நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது சரிவுதான். விடியலில் கட்டிலைவிட்டுக் கழிவறைக்குப் போகையிலும், வயிறாரச் சாப்பிட்டு எழும்போதும் கண் இருட்டி விழுபவர்கள் பலர். இடுப்பெலும்பு முறிவதும் உண்டு. சிலருக்குத் தலைசுற்றலே தெரியாது; கழுத்தும் தோளும் வலிக்கும், பேச்சு குழம்பும். மறதி முற்றிவிட்டதென்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். உட்காரவைத்து மட்டும் அளந்தால் இது பிடிபடாது.

மலச்சிக்கல், மறதிக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கலாம். சிறுநீரை அடக்க முடியாமல் உடையை நனைப்பவரைத் திட்டுவது அநியாயம். அவரிடம் பிடிவாதம் இல்லை, நரம்பில்தான் கோளாறு. வியர்வை குறைந்தவருக்கு வெயில் ஆகாது.

ஆகவே குடும்பத்தினர் செய்ய வேண்டியது இது. நோயாளியை 5 நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பாருங்கள். பிறகு நிற்கவைத்து 1ஆம், 3ஆம் நிமிடங்களில் பாருங்கள். ஒருவர் பக்கத்தில் பிடித்துக்கொள்ளட்டும். அளவுகளைக் குறித்து மருத்துவரிடம் காட்டி, பிரஷர் மாத்திரையையும் புராஸ்டேட் மாத்திரையையும் மறுபரிசீலனை செய்யக் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். படுக்கையிலிருந்து எழுபவர் சில நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்த பிறகே நிற்கட்டும்.

சிறுநீர் அடக்கத் தரும் ஆக்ஸிபியூட்டினினும், சளி மாத்திரைகளிலுள்ள குளோர்பெனிரமினும் குழப்பத்தைக் கூட்டும். ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் உடலை விறைக்கச் செய்து உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். மருந்துக்கடைக்காரர்களும் இந்நோயாளிகளுக்குச் சீட்டில்லாமல் சளி மாத்திரையோ தூக்க மாத்திரையோ கொடுக்க வேண்டாம்.