இருந்த இடத்திலேயே மருந்து

சித்தூர் மாவட்டம் கங்காதர நெல்லூர்க்காரருக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் இரண்டு ஊர்கள். ஒன்று வேலூர், அங்கே சி.எம்.சி. மற்றது திருப்பதி. அங்கே 1993-ல் தொடங்கிய ஸ்விம்ஸ் இருக்கிறது. டாடா டிரஸ்ட்ஸ் உதவியுடன் 2022-ல் திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர் ஒரு முறை போய் வந்தால் முடிந்துவிடுவதில்லை. சிலருக்கு நோய் திரும்புகிறது, பல சமயம் சுரப்பி இருந்த அதே குழியில். அப்போது கதிர்வீச்சு தர வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பல வாரங்கள். வெளியூரில் அறை வாடகை, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு எல்லாம் சேரும்.

அறுவை முடியும்போதே அந்தக் குழியில் மருந்தை வைத்துத் தைத்துவிட்டால் என்ன? யோசனை புதிதல்ல. மூளைக் கட்டியை அகற்றிய இடத்தில் கார்மஸ்டின் மருந்து கொண்ட வில்லைகளை வைக்க அமெரிக்கா 1996-லேயே அனுமதித்தது. வில்லை கரையக் கரைய மருந்து கசியும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு, பைக்குள் மூன்று வாரம் இருந்து ஜெம்சிடாபினைக் கசியவிடும் சாதனத்துக்கு 2025 செப்டம்பரில் அங்கே அனுமதி கிடைத்தது.

புராஸ்டேட்டில் இது இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான். குழிக்கு மேலே சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், பக்கங்களில் மெல்லிய நரம்புகள். சிறுநீர்ப்பையைச் சிறுநீர்க் குழாயுடன் இணைத்த தையலும் ஆற வேண்டும். கடுமையான மருந்து இவற்றைப் பதம் பார்த்துவிடலாம். தவிர, நிணநீர் முடிச்சுக்கோ எலும்புக்கோ தப்பிப்போன செல்களை அது எட்டாது.

வயிற்றுத் தோலுக்கு அடியில் செலுத்தப்படும் கோசெரலின் துண்டை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. 28 நாளைக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என இரு வகைகளில் கிடைக்கிறது. அது இருப்பது ஓர் இடம். ஆண் ஹார்மோனை அடக்குவதால் விளைவு உடல் முழுவதும். உடம்பு திடீரென்று கொதிக்கும், எலும்பு பலவீனமாகும், தாம்பத்திய நாட்டம் குறையும்.

ஆக, இன்று நோயாளியின் கைக்கு எட்டுவது எளிய ரத்தப் பரிசோதனை ஒன்றுதான். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் செல்கள் மட்டுமே பெருமளவில் உண்டாக்கும் புரதம். சுரப்பியை எடுத்த ஆறு முதல் எட்டு வாரங்களில் அது ரத்தத்தில் தென்படாத அளவுக்கு இறங்க வேண்டும். பிறகு ஏறி ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமைத் தொட்டு, மறு பரிசோதனையிலும் அது உறுதியானால், நோய் திரும்புகிறது என்று டாக்டர்கள் கொள்கிறார்கள். அந்தக் கட்டத்திலேயே கதிர்வீச்சைத் தொடங்கினால் பலன் அதிகம்.

புண் ஆறிவிட்டது, வலி இல்லை, இனி எதற்குப் பரிசோதனை என்று நின்றுவிடுவதில்தான் ஆபத்து. வலி வரும்போது நோய் எலும்பை எட்டியிருக்கலாம். ரத்தம் கொடுப்பதற்கு வேலூரோ திருப்பதியோ போக வேண்டியதில்லை. சித்தூரில் கொடுத்து, முடிவுச் சீட்டை டாக்டரிடம் காட்டினால் போதும். குழியில் வைக்கும் மருந்து வரும்போது வரட்டும். அடுத்த பரிசோதனைத் தேதி தவறக் கூடாது.