விமானம் வாங்கலாம், விமானியை?

உள்நாட்டு விமானப் பயணத்தில் உலகின் மூன்றாவது பெரிய சந்தை இந்தியா என்று ஆட்சியாளர்கள் பெருமிதம் கொள்கின்றனர். 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் கொள்முதல் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆனால், ஆலையில் விமானம் உருவாகும் வேகத்தில் அதைச் செலுத்தும் கேப்டன் உருவாவதில்லை. இந்த எளிய உண்மையை மறந்ததன் விலையை 2025 டிசம்பரில் பயணிகள் கொடுத்தனர்.

விமானிகளின் களைப்பைக் குறைப்பதற்காக, விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ 2024 ஜனவரியில் புதிய பணிநேர விதிகளை அறிவித்தது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தப்பட்டது. இரவுப் பணியில் ஆறு முறை வரை தரையிறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டிய இவ்விதிகள் தள்ளிவைக்கப்பட்டன. விவகாரம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்ற பின்னர், 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு கட்டங்களாக அவை அமலாயின.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருந்தும், உள்நாட்டுச் சந்தையில் 60 சதவீதத்துக்கும் மேல் கைவசம் வைத்துள்ள இண்டிகோ உரிய முன்னேற்பாட்டைச் செய்யவில்லை. டிசம்பர் 5-ஆம் தேதி ஒரே நாளில் அதன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. விமான நிலையங்கள் ஸ்தம்பித்தன. அரசு என்ன செய்தது? இரவுப் பணி விதிகளிலிருந்து அந்நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளித்தது. பின்னர் அபராதம் விதிக்கப்பட்டது உண்மைதான். ஆனால், நெருக்கடி முற்றினால் பாதுகாப்பு விதியே வளையும் என்ற செய்தி அதற்குள் சென்று சேர்ந்துவிட்டது. ஆமதாபாத் விபத்துக்கும் இந்த விதிகளுக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஆயினும், அதில் 260 உயிர்களைப் பறிகொடுத்து ஆறு மாதங்கள் முடிவதற்கு முன்பே இது நடந்தது.

விமானிகள் பற்றாக்குறை என்பது பயண அட்டவணை சார்ந்த பிரச்னை மட்டுமல்ல. 2020 ஆகஸ்ட் 7-ஆம் தேதி கோழிக்கோட்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிச் சரிந்து 21 பேர் இறந்தனர். அந்தத் தளத்தில் துணை விமானிகள் பலர் இருந்தும் கேப்டன்கள் போதுமான அளவில் இல்லை. மறுநாள் காலை விமானத்தை இயக்க வேண்டும் என்ற எண்ணம் எப்படியும் அங்கேயே தரையிறங்கிவிடக் கேப்டனைத் தூண்டியது என்று விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

அந்த அறிக்கை கூறும் மற்றோர் உண்மை இன்னும் கவலைக்குரியது. தரையிறங்காமல் மீண்டும் மேலெழும்பும்படி துணை விமானி கூறியும் கேப்டன் கேட்கவில்லை. துணை விமானியும் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை. 2010 மே 22-ஆம் தேதி 158 பேரைப் பலிகொண்ட மங்களூர் விபத்திலும் துணை விமானியின் இதே எச்சரிக்கை புறக்கணிக்கப்பட்டது. பத்தாண்டு இடைவெளியில், அதே நிறுவனத்தில், அதே தவறு. மூத்தவரின் தவறை இளையவர் தடுக்கும் துணிவு பயிற்சியால் வர வேண்டும். வெறும் பறந்த மணிக்கணக்கு அதைத் தந்துவிடாது.

அந்த மணிக்கணக்கிலும் நமது வரலாறு பெருமைக்குரியதன்று. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருந்தால் போதும். போலி மதிப்பெண் சான்றிதழ் காட்டி உரிமம் பெற்ற விமானிகள் 2011-இல் கைதானதை நாடு கண்டது. 2009-இல் பஃபலோ அருகே 50 பேர் இறந்த விபத்துக்குப் பிறகு, துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறக்கும் அனுபவம் வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் இயற்றியது. அதை நாம் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால், விபத்திலிருந்து பாடம் கற்கும் உறுதியைப் பின்பற்றலாம்.

கண்காணிக்க வேண்டிய டிஜிசிஏ-விலோ, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழ பாதி காலியாக இருப்பதை நாடாளுமன்றக் குழு 2025-இல் கண்டித்தது. தன்னாட்சி அமைப்பை உருவாக்க 2013-இல் மக்களவையில் அறிமுகமான மசோதா காலாவதியானது. அதன் பின்னர் டிஜிசிஏ-வுக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்ததே தவிர, அமைச்சகத்தின் பிடி தளரவில்லை. விமானப் போக்குவரத்தின் வளர்ச்சிக்குப் பொறுப்பான அமைச்சகத்தின் கீழேயே அதன் பாதுகாவலரும் இருந்தால், நெருக்கடி நேரத்தில் எது வெல்லும் என்பதை டிசம்பர் காட்டிவிட்டது.

தேவைப்படுவது கடினமான ஒன்றல்ல. ஒரு நிறுவனம் புதிய விமானத்தைச் சேவையில் ஈடுபடுத்தும் முன், முழு ஓய்வு விதிகளுக்கு உட்பட்டு அதை இயக்கப் போதிய கேப்டன்களும் பயிற்றுநர்களும் உள்ளனர் என்பதை நிரூபிக்க வேண்டும். டிஜிசிஏ-வின் காலியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். விதிவிலக்கு அளிக்க நேர்ந்தால் அதற்கான காரணம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும்.

விமானம் தாமதமானால் பயணி பொறுத்துக்கொள்வார். விமானியறையில் அமர்ந்திருப்பவர் உறங்கி எழுந்தவரா, உரிய பயிற்சி பெற்றவரா என்பதைச் சோதிக்க அவரால் முடியாது. அதை அவர் அரசை நம்பி ஒப்படைத்திருக்கிறார்.