பலருள் ஒருவர்

சின்னாள் முன்னர், என்பால் தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர், வேலை வேண்டி ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பம் ஒன்றைக் கொணர்ந்து காட்டினார். கையெழுத்து முத்துக் கோத்தாற்போல் இருந்தது. ஆயினும் முதற்பத்தியிலேயே, 'ஐ வாஸ் ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஸ்டூடன்ட் இன் மை ஸ்கூல்' என்றொரு வாக்கியம் இடறிற்று. தம்மைச் சிறந்த மாணாக்கர் என்று கூறும் வாக்கியத்திலேயே அவர் பிழை செய்திருந்தார்!

'தமிழ்ப் பண்டிதருக்கு ஆங்கிலத்தில் என்ன வேலை?' என்று நீங்கள் நகைக்கலாம். பிழையின் வேர் நம் மொழிப் பழக்கத்தில் இருத்தலின் கூறத் துணிந்தேன்.

அத்தொடர், ஒரு கூட்டத்தினின்றும் ஒருவரைப் பிரித்துக் காட்டுவது. கூட்டம் இன்றேல் பிரித்தல் ஏது? ஆதலின் 'ஸ்டூடன்ட்ஸ்' எனப் பன்மையே வரல் வேண்டும். இதனை ஆங்கிலத்தின் விந்தை என்றெண்ணி நெட்டுருச் செய்ய வேண்டா. 'மாணாக்கனுள் ஒருவன்' என்று தமிழில் எவரேனும் எழுதுவரோ? 'மாணாக்கருள் ஒருவன்' என்றன்றோ எழுதுவோம்!

பின் பிழை எவ்வாறு புகுந்தது? நம் அஃறிணைப் பெயர்கள், 'கள்' விகுதி பெறாமலே பன்மையும் உணர்த்தும். 'மாடு மேய்ந்தது', 'மாடு மேய்ந்தன' என்னும் இரண்டும் வழுவல்ல. வினையே ஒருமை பன்மையைக் காட்டிவிடும். இவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர். சந்தையில் 'பத்துத் தேங்காய்' என்றே கேட்கிறோம். இப்பழக்கமே ஆங்கிலம் எழுதுங்கால் 'ஒன் ஆஃப் மை புக்' என்று நம்மை எழுதச் செய்து, நாளடைவில் மக்கட்பெயர்களையும் பற்றிக்கொள்கின்றது என்பது என் கருத்து. ஆங்கிலத்திலோ, 'ஷீப்' போன்ற சில சொற்களை நீக்கின், பெயரே தன் உருவில் பன்மையைக் காட்டல் வேண்டும்.

இனி, வினை. 'ஒன் ஆஃப் மை பிரதர்ஸ்' என்பதை அடுத்து 'இஸ்' வரும், 'ஆர்' வாராது. 'என் உடன்பிறந்தாருள் ஒருவன் வந்தான்' என்னும்போது வினை ஒருவனையே தழுவுகின்றதன்றோ? எழுவாய் யாது என வினவிப் பழகியவர்க்கு இங்கு ஐயமே எழாது. தமிழிலக்கணம் தேர்வுக்கு மட்டுமே பயன்படும் என்பாரோடு யான் உடன்படேன்.

அவ்விளைஞரிடம் நான் பிழையைச் சுட்டவில்லை. "தம்பி, இதனைத் தமிழில் சொல்" என்றேன். "சிறந்த மாணாக்கருள் ஒருவன்..." என்று தொடங்கியவர் சட்டென நிறுத்தி, எழுதுகோலை எடுத்து விடுபட்ட எழுத்தைச் சேர்த்தார். பின்னர்த் தாழ்ந்த குரலில், "இதே போன்ற விண்ணப்பம் ஒன்றை நேற்றே அஞ்சலில் சேர்த்துவிட்டேன், ஐயா" என்றார்.