வர்க்கமூலமும் மதிப்புணர்ச்சியும்

எண்ணின் வர்க்கமூலத்தைக் கையாற் காணும் பயிற்சி இக்காலத்து மாணாக்கருக்கு வேண்டுமோ என்று கேட்போர் உளர். கைபேசியைத் தொட்ட மாத்திரத்தில் பத்து இலக்கம் வரை விடை தோன்றும்போது, பள்ளியிற் பயின்ற நீண்ட முறையை நினைவிற் கொள்வது வீண் சிரமம் என்பது அவர் கருத்து. இலக்கங்களைப் பெறுவதே நோக்கமாயின் அவர் கூற்று மெய்யே. ஆயின் வந்த விடை தகுமா என்று ஆராயும் பொறுப்பு யந்திரத்தினுடையதன்று, நம்முடையது.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையிற் கார் உற்பத்தி தொடங்கியது முதல் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பல எழுந்துள்ளன. நம் மாணாக்கருள் ஒருவர் அங்குப் பணிக்குச் சென்று, 60 அடி நீளமும் 40 அடி அகலமும் உள்ள கொட்டகைக்கு அஸ்திவாரம் குறிக்கிறார் என்று கொள்வோம். நான்கு மூலைகளும் மட்டமாக அமைய வேண்டுமாயின், கர்ணம், அதாவது மூலைவிட்டம், எத்துணை அடி என்று அறிதல் வேண்டும். 60-இன் வர்க்கம் 3600; 40-இன் வர்க்கம் 1600; இரண்டும் சேர்ந்து 5200. இதன் வர்க்கமூலமே கர்ணம். விரல் தவறி 5600 என்று அழுத்தினால், யந்திரம் 74.83 என்று தயக்கமின்றிக் கூறும். அவ்விடையில் ஐயுறத்தக்கது யாதும் தோன்றாது. அதனை நம்பிக் கயிறு பிடித்தால் அஸ்திவாரம் கோணலாகும். பொருளும் உழைப்பும் பாழாகும்.

இத்தகைய இடத்தில் உதவுவது தமிழ்நாட்டில் வழங்கிவரும் ஒரு வாய்க்கணக்கு. நீளத்தில் அரைக்காற் பங்கைக் கழித்து, அகலத்திற் பாதியைக் கூட்டினால் கர்ணம் ஏறக்குறைய வரும். 60-இல் அரைக்கால் 7½, கழிக்க 52½, அதனோடு 20 கூட்ட 72½. எழுதுகோலும் தேவையில்லை. யந்திரம் கூறிய 74.83 இதனினும் இரண்டடிக்கு மேல் மிகுந்திருத்தலின், மீண்டும் அழுத்திப் பார்க்கத் தோன்றும்.

இவ்விதி எங்கும் துல்லியமானதன்று. பக்கங்கள் 4, 3 ஆயினும் 12, 5 ஆயினும் சரியான விடையே வரும். இரு பக்கமும் சமமாயின் நூற்றுக்கு மூன்றளவு குறையும். குறையைத் திருத்தவும் வழியுண்டு. அலெக்ஸாந்திரியா நகரத்து ஹீரோன் என்பார் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிவைத்த முறை அது. 5200-ஐ 72½-ஆல் வகுக்க 71.72 வரும். ஊகம் மிகின் ஈவு குறையும். ஊகம் குறையின் ஈவு மிகும். மெய்யான மூலம் அவ்விரண்டிற்கும் இடையில் நிற்கும். ஆதலின் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 72.11. இரண்டு தசம இலக்கம் வரை இதுவே சரியான விடையாம். ஒரே வகுத்தலில் இத்துணை நுட்பம் கிடைப்பது வியப்பன்றோ!

யந்திரத்தை ஒதுக்குக என்று யாம் கூறவில்லை. அது விரைவாக உழைக்கும் ஏவலாள். ஏவலாளின் கணக்கைச் சரிபார்க்க அறியாத எசமானனுக்கு நஷ்டமே மிஞ்சும். ஆகவே ஆசிரியப் பெருமக்கள், ஆய்வுக்கூடத்திலும் பரீட்சையிலும் மாணாக்கர் யந்திரத்தைத் தொடுமுன் விடை ஏறக்குறைய எவ்வளவு என்று ஒரு வரி எழுதவேண்டும் என விதித்தல் நன்று. அந்த வரிக்கும் ஒரு மதிப்பெண் அளிக்கலாம். செலவில்லாத இச்சீர்திருத்தம், எண்ணைக் கண்டால் அதன் அளவை உணரும் பழக்கத்தை மாணாக்கரிடம் வளர்க்கும் என்பது எமது துணிபு.