மீண்டவர்க்கு நடுகல் இல்லை

வீரத்தைக் கௌரவிப்பதில் மனிதர்களுக்கு ஒரு பழைய வசதி இருக்கிறது. இறந்தவனுக்கு நடுகல் நட்டுவிட்டால் கணக்கு தீர்ந்துவிடும். கல் எதிர்த்துப் பேசாது. யார் அனுப்பியதால் இறந்தாய் என்ற கேள்விக்கும் அது வாய் திறக்காது. ஆனால் அதே ஆபத்திலிருந்து பிறரையும் மீட்டுக்கொண்டு உயிரோடு திரும்புகிறவன் சங்கடமானவன். அவனை என்ன செய்வதென்று அரசுகளுக்கும் தெரிவதில்லை, கதை சொல்கிறவர்களுக்கும் தெரிவதில்லை. சோவியத் அணு ஏவுகணை நீர்மூழ்கிக் கப்பலான கே-219-இன் தளபதி இகோர் பிரிட்டனோவின் வாழ்க்கையைப் படிக்கையில் இந்த எண்ணமே மீண்டும் மீண்டும் எழுகிறது.

1986 அக்டோபர் 3. பெர்முடா தீவுக்கு வடகிழக்கே, அட்லாண்டிக்கின் நீருக்கடியில், நூற்றுக்கும் மேற்பட்ட மாலுமிகளுடனும் இரண்டு அணு உலைகளுடனும் அந்தக் கப்பல் சென்றுகொண்டிருந்தது. அதன் ஏவுகணைக் குழாய்கள் பதினாறு. அவற்றில் ஒன்று 1973-இல் நேர்ந்த விபத்துக்குப் பின் நிரந்தரமாக அடைக்கப்பட்டிருந்தது. இப்போது ஆறாவது குழாயில் கடல்நீர் கசிந்தது. ஏவுகணையின் திரவ எரிபொருளுடன் பயன்படும் நைட்ரஜன் டெட்ராக்சைடு, நீருடன் சேர்ந்தால் நைட்ரிக் அமிலமாகும். குழாய் வெடித்தது. நச்சுப் புகை உள்ளே பரவியது, மூவர் இறந்தனர். கப்பல் எப்படியோ மேற்பரப்புக்கு வந்தது.

அடுத்த ஆபத்து அணு உலை. அதைத் தானியங்கி முறையில் அணைக்க முடியாமல் போகவே, ஒருவர் உள்ளே சென்று கையால்தான் தடுப்புகளை இறக்க வேண்டியிருந்தது. உடன் சென்ற அதிகாரி வெப்பம் தாளாமல் செயலிழந்தபின், செர்கேய் பிரெமினின் என்ற இருபது வயது மாலுமி தனியாக உள்ளே போனார். வேலையை முடித்தார். ஆனால் அறைகளுக்கிடையே அழுத்தம் மாறியிருந்ததால் கதவு திறக்கவில்லை. அவர் அங்கேயே இறந்தார்.

மாஸ்கோ, கப்பலைக் கட்டி இழுத்து ஊர் கொண்டுவரச் சொன்னது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம். இழுவை முயற்சி தோற்றது, நச்சுப் புகை அறை அறையாகப் பரவியது. பிரிட்டனோவ் மேலிடத்து விருப்பத்துக்கு மாறாக மாலுமிகளை அருகிலிருந்த சோவியத் கப்பலுக்கு மாற்றினார். தான் மட்டும் கடைசிவரை நீர்மூழ்கியிலேயே இருந்தார். கப்பலை வேறொருவர் பொறுப்பில் ஒப்படைத்து, மாலுமிகளைத் திரும்ப ஏற்றவும் மாஸ்கோ முனைந்ததாகச் சொல்லப்படுகிறது. அதற்கு அவகாசம் இருக்கவில்லை. அக்டோபர் 6 அன்று கே-219 சுமார் 5,500 மீட்டர் ஆழத்தில் போய் அமர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் வீடு திரும்பினர்.

தளபதிக்குக் கிடைத்தது குற்றப்பத்திரிகை. கவனக்குறைவு, நாசவேலை, தேசத்துரோகம் ஆகியவை அவர்மீது சுமத்தப்பட்டன. அவர் விசாரணைக்காகக் காத்திருந்தார். 1987 மே மாத இறுதியில் மத்தியாஸ் ருஸ்ட் என்ற ஜெர்மானிய இளைஞன் ஒரு சிறு விமானத்தை ஓட்டிவந்து செஞ்சதுக்கத்தின் அருகே இறக்கினான். பாதுகாப்பு அமைச்சர் சோகலோவ் பதவி இழந்தார். அடுத்து வந்த யாஸோவின் காலத்தில் பிரிட்டனோவ் மீதான வழக்கு கைவிடப்பட்டது. நீதி என்று இதைச் சொல்ல முடியுமா? ஒரு விடலைப் பையனின் விளையாட்டு அவருக்கு அளித்த விடுதலை இது. கடற்படை வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

இங்கே ஓர் எதிர்வாதம் நியாயமானது. அணு ஏவுகணை நீர்மூழ்கியில் கீழ்ப்படியாமையைப் புகழலாமா? கட்டளையின்றி எதுவும் நடக்காது என்பதுதான் அந்த ஏவுகணைகளைக் குழாய்களுக்குள்ளேயே வைத்திருக்கிறது. தளபதிகள் தத்தம் மனசாட்சிப்படி நடக்கத் தொடங்கினால் உலகம் தாங்காது. உண்மைதான். ஆனால் ஆயுதத்தைப் பயன்படுத்த மீறுவதும் மனிதரைக் காக்க மீறுவதும் ஒன்றல்ல. பிரிட்டனோவ் தன் மீறலால் எவருக்கும் ஆபத்து விளைவிக்கவில்லை. எஞ்சிய ஆபத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். மூழ்கும் கப்பலில் கடைசி ஆளாக நின்றவரைத் துரோகி என்று அழைத்த அரசுதான் தன் கட்டளைக்கும் தன் மானத்துக்கும் உள்ள வேறுபாட்டை மறந்தது.

பிரெமினினுக்கு 1997-இல் 'ரஷ்யக் கூட்டமைப்பின் வீரர்' பட்டம் அளிக்கப்பட்டது. முற்றிலும் தகுதியான கௌரவம். அதே ஆண்டில் 'ஹோஸ்டைல் வாட்டர்ஸ்' என்ற திரைப்படம் வந்தது. பிரிட்டனோவாக ருட்கர் ஹாவர் நடித்திருந்தார். தன் அனுமதியின்றித் தன் கதையை எடுத்துக்கொண்டதோடு தன்னைத் திறமையற்றவராகவும் காட்டிவிட்டார்கள் என்று 2001-இல் பிரிட்டனோவ் வழக்குத் தொடுத்தார். சில ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

இலக்கியம் படிக்கிற நமக்கு இந்த வழக்கில் ஒரு செய்தி இருக்கிறது. இறந்தவர்களைப் பற்றி உருக்கமாக எழுதுவது எளிது, அவர்கள் நம் வாசகத்தைத் திருத்த வரமாட்டார்கள். இருப்பவரோ நீதிமன்றத்துக்கு வந்து 'நான் அப்படி இல்லை' என்பார். நாம் அதிகம் எழுத வேண்டியது இத்தகையவர்களைப் பற்றித்தான். பிரெமினினின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவரை அந்தக் கதவுக்குப் பின்னால் நிறுத்தியது எது என்றும் கேட்போமானால், பிரிட்டனோவ் எதை மீறினார் என்பதும் நமக்கு விளங்கும்.